நகரின் பெயர்ச்சியும் நம் பள்ளிகளும்

(கல்விக் கழக வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வெள்ளிவிழா மேடையில் பெருமை பேசுதல் மரபு. ஓட்டுச் சாய்ப்பின் கீழ் ஒற்றைக் குழல்விளக்கின் ஒளியில் தொடங்கிய நம் மாலை வகுப்பு இன்று இரண்டு அறைகளும் ஒரு நூலகமும் உடையதாய் வளர்ந்த வரலாற்றை நமக்கு முன் பேசியோர் அழகுற எடுத்துரைத்தனர். அதனை மீண்டும் கூறி உங்கள் பொழுதை வீணாக்க விரும்பவில்லை. நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. இம்மாநகரத்து மக்கள் ஓரிடம் விட்டு ஓரிடம் பெயர்ந்துகொண்டே இருக்கின்றனர். அந்தப் பெயர்ச்சி தாம்பரம் முதல் சோழிங்கநல்லூர் வரையுள்ள நம் அரசுப் பள்ளிகளை என்ன செய்கிறது, அங்கே படிக்கும் நம் பிள்ளைகளை என்ன செய்கிறது என்பதே நம் பொருள்.

விழா மலருக்காக மாலை வகுப்பின் பழைய வருகைப் பதிவேடுகளை எடுத்துப் புரட்டினோம். தொடக்க ஆண்டுகளின் ஏட்டில் பெயருக்கு நேரே 'பள்ளி' என்னும் பத்தி உண்டு. மேலிருந்து கீழ்வரை ஒரே பள்ளியின் பெயர். எழுதியவர் இரண்டாம் வரியிலிருந்து 'மேற்படி', 'மேற்படி' என்றே எழுதிச் சென்றிருக்கிறார். இவ்வாண்டின் ஏட்டைப் பாருங்கள். 'மேற்படி' என்று எழுத வழியே இல்லை. வரிக்கு வரி வேறு வேறு பெயர். பாதிக்குமேல் மெட்ரிகுலேஷன், சி.பி.எஸ்.இ. பள்ளிகள். அரசுப் பள்ளியின் பெயருக்கு எதிரே உள்ள முகவரிகளோ நம் தெருக்களே அல்ல. ஆற்றங்கரையிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளும், கட்டட வேலைக்கு வட மாநிலங்களிலிருந்து வந்தோரின் பிள்ளைகளும் அங்கே இருக்கின்றனர். ஒரு பத்தி, இரண்டு ஏடுகள்: இப்பகுதியின் கால் நூற்றாண்டு மாற்றம் அதில் அடங்கிவிட்டது.

இம்மாற்றத்தை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். நாம் கூடியிருக்கும் இம்மண் பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த ஜில்லாவின் ஆட்சியராயிருந்த திரெமென்ஹீர் 1891 இல் நம் மக்களின் நிலையை ஆராய்ந்து அரசுக்கு எழுதிய அறிக்கையின் பயனாகத்தான் 1892 இல் பஞ்சமி நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. நிலத்தின் கதை உங்களுக்குத் தெரிந்ததே. அதனை இன்று தொடவில்லை. கல்வியின் கதை அதே பத்தாண்டுகளில் தொடங்குகிறது. 1894 இல் அடையாற்றை அடுத்த ஊரூரில் கர்னல் ஆல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளியை நிறுவினார். அவருடன் பழகிய பண்டிதர் அயோத்திதாசர் கல்வியையே நம் விடுதலையின் முதற்படியாகக் கொண்டவர்.

நம் பரங்கிமலையில் 1883 இல் பிறந்த எம்.சி. இராஜா, பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்தே பொதுவாழ்வுக்கு வந்தவர். சென்னைச் சட்டமன்றத்தில் நம் குரலாய் ஒலித்தவர். சைதாப்பேட்டையில் அவர் பெயர் தாங்கிய மாணவர் விடுதியில் தங்கிப் படித்தோர் இவ்வவையிலும் சிலர் உண்டு. இரட்டைமலை சீனிவாசனும் இந்தச் செங்கற்பட்டு மண்ணின் மைந்தரே. பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொது இடம் யாவும் நமக்கும் உரியன என்னும் தீர்மானத்தை 1924 இல் சட்டமன்றத்தில் கொணர்ந்தவர் அவர்.

அந்நாளில் நமக்கென்று தனிப் பள்ளிகள் இருந்தன. தொழிலாளர் நலத் துறை நடத்தியமையால் 'லேபர் பள்ளிக்கூடம்' என்று நம் பாட்டன்மார் அவற்றை அழைத்தனர். இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கு அவையே முன்னோடி. பொதுப் பள்ளியின் கதவு திறக்காதபோது தனிப் பள்ளி நமக்கு நிழல் தந்தது. அதை மறந்தால் நன்றி கொன்றோராவோம். ஆயினும் நம் முன்னோர் கேட்டது தனிப் பள்ளி மட்டுமன்று. ஊரார் பிள்ளை உட்காரும் பலகையில் நம் பிள்ளையும் உட்காரவேண்டும் என்றே கேட்டனர். சாத்தாராவில் வீட்டிலிருந்து கோணிச் சாக்கு கொண்டுபோய்த் தனியே விரித்து அமர்ந்த சிறுவன் பீமராவின் வழக்கும் அதுதானே!

அவ்வழக்கில் நாம் மெல்ல மெல்ல வென்றோம். அரசியல் சட்டம் வந்தது. காமராசர் காலத்தில் ஊர்தோறும் பள்ளி வந்தது. மதிய உணவு வந்தது. ஊருக்கும் சேரிக்கும் ஒரே ஊராட்சி ஒன்றியப் பள்ளி. மிராசுதாரர் மகனும், இரயில்வே ஊழியர் மகளும், கல்லுடைப்பவர் பிள்ளையும் ஒரே கரும்பலகையைப் பார்த்தனர். பல்லாவரம், திரிசூலம், பம்மல் பக்கத்துக் கல் குவாரிகளில் உளி பிடித்த நம் பெற்றோர்களில் பலர் தம் பிள்ளைகளை அத்தகைய பள்ளிகளில்தான் சேர்த்தனர். அங்கும் பாகுபாடு இல்லாமல் இல்லை. தண்ணீர்ப் பானையருகே நேர்ந்ததை எல்லாம் இங்குள்ள பெரியவர்கள் அறிவர். எனினும் கூரை ஒன்றாக இருந்தது. கூரை ஒழுகினால் மிராசுதாரரும் கேள்வி கேட்டார்.

இனி, கூரையின் கீழிருந்து யார் எப்போது எழுந்து போயினர் என்பதைக் காண்போம்.

1931 இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 1937 இல் கிறித்தவக் கல்லூரி இங்கே குடிபுகுந்தது. 1984 இல் ஏற்றுமதி மண்டலம் அமைந்தது. ஒவ்வொன்றும் மக்களைக் கூட்டி வந்தது. ஏரிகளின் ஓரத்து வயல்கள் மனைகளாயின, மனைகள் நகர்களாயின. 2001 இல் 1,37,933 ஆக இருந்த தாம்பரம் நகராட்சியின் மக்கள்தொகை 2011 இல் 1,74,787 ஆயிற்று. அதே பத்தாண்டுகளில் சென்னை மாவட்டம் ஏறத்தாழ 7 விழுக்காடே வளர, தாம்பரமும் பல்லாவரமும் சோழிங்கநல்லூரும் அப்போது அடங்கியிருந்த காஞ்சிபுரம் மாவட்டம் 39 விழுக்காடு வளர்ந்தது. நடுநகரம் நின்றுவிட, விளிம்பு பெருகிற்று. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சியே உருவாயிற்று.

மக்கள் பெருகினால் பள்ளியும் பெருகவேண்டும் அல்லவா? பெருகிற்று, ஆனால் பெருகியது அரசுப் பள்ளி அன்று. மெட்ரிகுலேஷன் பள்ளிகள் 1978 இல் பல்கலைக்கழகத்தின் பிடியிலிருந்து தனி வாரியத்தின் கீழ் வந்தபின் நகர்தோறும் முளைத்தன. புதிதாகக் குடிவந்த உத்தியோகக் குடும்பத்தார் பழைய ஊர்ப் பள்ளியின் வாயிலை மிதித்ததே இல்லை. அவர்களைப் பார்த்து ஊரின் வசதியுள்ள குடும்பங்களும் பிள்ளைகளை மஞ்சள் வண்டியில் ஏற்றிவிட்டன. ஊர்ப் பள்ளியின் பெயர் பேச்சுவழக்கில் 'காலனிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி' என்று ஆயிற்று. யாரும் ஆணை போடவில்லை. யாரும் கதவை அடைக்கவில்லை. நாம் முன்வாசல் வழியாக உள்ளே வந்தோம். அவர்கள் பின்வாசல் வழியாக வெளியேறினர்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய கதையன்று. அமெரிக்காவில் 1954 இல் கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் வைத்தல் சட்டத்திற்கு மாறானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு பெருநகரங்களின் வெள்ளையர் பலர் புறநகருக்கு வீடு மாற்றிக்கொண்டு போயினர். டெட்ராய்ட் நகரப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளே பெரும்பாலும் எஞ்சினர். புறநகர்ப் பள்ளிகளையும் சேர்த்துக் கலக்கவேண்டும் என்று வழக்காடியபோது, 1974 இல் அதே நீதிமன்றம் அதற்கு இணங்கவில்லை. பள்ளி மாவட்டத்தின் எல்லைக்கோடு அரணாகிவிட்டது. அங்கே பள்ளியைத் தவிர்க்க வீட்டை மாற்றவேண்டியிருந்தது. நம் நாட்டிலோ வீட்டை மாற்றாமலே பள்ளியை மாற்றிக்கொள்ளலாம். அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகள் காலை எட்டு மணிக்கு எதிரெதிர்த் திசையில் செல்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம்.

இது ஒரு பெயர்ச்சி. இரண்டாவது பெயர்ச்சி இதினும் கொடிது; அது அரசே செய்வது.

சென்னையின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களை நகரின் தென்விளிம்பில் கொண்டுவந்து குடியமர்த்தும் வேலை 2000 ஆம் ஆண்டளவில் கண்ணகி நகரில் தொடங்கிற்று. பிறகு செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கம். கண்ணகி நகரில் 15,000 க்கும் மேலான வீடுகள்; செம்மஞ்சேரியில் ஆறாயிரத்துக்கும் மேல்; பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளில் 20,000 க்கும் மேல். 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின் இவ்வேலை விரைவு பெற்றது. அவ்வீடுகளில் வாழ்வோருள் பெரும்பகுதியினர் யார் என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பழைய நகரத்தில் நம்மவர் பத்துத் தெருவுக்கு ஒரு தெருவாகக் கலந்திருந்தனர். இங்கே நகரத்தின் சேரி அனைத்தும் ஓரிடத்தில் குவிக்கப்பட்டது.

2019 டிசம்பரின் இறுதி நாள்களில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்வோம். சென்ட்ரல் நிலையத்தை அடுத்துக் கூவம் கரையில் சத்தியவாணி முத்து நகர் என்னும் குடியிருப்பு இருந்தது. அன்னை சத்தியவாணி முத்து யாரென்று இளைஞர்கள் அறிந்திருக்கவேண்டும்: நம் மக்களின் நலத்துறைக்கு அமைச்சராயிருந்தவர்; பின்னர் மத்திய அமைச்சரவையிலும் இடம் பெற்றவர். அவர் பெயர் தாங்கிய குடிசைகள் இடிக்கப்பட்டுக் குடும்பங்கள் ஏறத்தாழ 25 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பப்பட்டன. டிசம்பர் என்பது பள்ளியாண்டின் நடு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொதுத் தேர்வு இரண்டு மூன்று மாதத்தில். பழைய பள்ளிக்குப் போவதென்றால் விடியுமுன் பேருந்து. புதிய பள்ளியில் சேர்வதென்றால் மாற்றுச் சான்றிதழ்.

இங்கேதான் நாம் கூர்ந்து நோக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆசிரியர் எண்ணிக்கை எவ்வாறு முடிவாகிறது? ஒவ்வோராண்டும் ஆகஸ்டு முதல் நாளில் பதிவேட்டில் உள்ள மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு பணியிட நிர்ணயம் செய்கின்றனர். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். அறுபத்தொன்று முதல் தொண்ணூறு வரை மூவர். கணக்கில் கூடுதலாக நிற்பவர் 'உபரி'. அவரைப் பணிநிரவல் என்ற பெயரால் வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவர்.

கணக்கு நேர்மையானதாகவே தோன்றும். ஆனால் நகரம் ஆகஸ்டு முதல் நாளுக்காகக் காத்திருப்பதில்லை. ஒரு கரையிலிருந்து சில குடும்பங்களைப் பெயர்த்துவிட்டால் அங்குள்ள பள்ளியில் அறுபத்திரண்டு அறுபதாகிறது; மூவர் இருவராகின்றனர். இருவர் ஐந்து வகுப்பை நடத்தும் பள்ளி என்று தெரிந்ததும் மிஞ்சியுள்ள பெற்றோரில் ஓரளவு வசதி உள்ளவர் பிள்ளையை எடுத்துக்கொண்டு போகிறார். அடுத்த ஆகஸ்டில் எண்ணிக்கை இன்னும் இறங்குகிறது. கடைசியில், பிள்ளைகள் இல்லை என்று சொல்லிப் பக்கத்துப் பள்ளியோடு இணைக்கலாம். நகரின் மையத்தில் நல்ல இடத்தில் அமைந்த பள்ளிக்கட்டடத்தின் மீது எத்தனை கண்கள் இருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

மறுமுனையில், டிசம்பரில் பெரும்பாக்கத்துக்கு வந்து இறங்கிய பிள்ளைகள் அடுத்த ஆகஸ்டில்தான் கணக்கில் ஏறுவர். அதுவரை இருக்கும் ஆசிரியரே வந்தவரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளவேண்டும். அந்த ஆண்டிலோ மார்ச்சு மாதம் கொரோனாவால் பள்ளிகளே மூடப்பட்டன. கரையிலிருந்து பெயர்க்கப்பட்ட பிள்ளை புதிய பள்ளியில் தன் இருக்கை எதுவென்று அறியுமுன் கதவு சாத்தப்பட்டது. எத்தனை பேர் திரும்பி வந்தனர் என்பதை அத்தாய்மாரைத்தான் கேட்கவேண்டும்.

இது எங்கோ நடந்தது என்று தாம்பரத்தார் இருந்துவிடல் ஆகாது. 2025 மே மாதத்தில் நம் மாநகராட்சிக்குள்ளேயே அனகாபுத்தூரில் அடையாற்றங்கரை வீடுகள் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் பெரும்பாக்கம் முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டன. கோடை விடுமுறையாதலின் பள்ளியாண்டு நடுவில் முறியவில்லை என்று ஆறுதல் கூறியோர் உண்டு. பிள்ளையின் நண்பனையும் பாடம் சொன்ன ஆசிரியரையும் விடுமுறை காத்துத் தருமா?

குடிபெயர்ந்த இடத்தின் பெயரே பிள்ளைகளுக்குப் பழியாகிறது. கண்ணகி நகர் என்றால் வேலைக்கு எடுக்கத் தயங்குகின்றனர் என்று முகவரியை மாற்றிச் சொல்லிய இளைஞர்களை நாம் அறிவோம். அந்தக் கண்ணகி நகரிலிருந்துதான் கார்த்திகா என்னும் பெண் 2025 இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியின் துணைத் தலைவியாக நின்றாள். அவள் தன் ஊரின் பெயரை மறைக்கவில்லை, நாடறியச் சொன்னாள். மாலை வகுப்புப் பெண்பிள்ளைகள் அன்று கைதட்டிய ஓசை அடுத்த தெரு வரை கேட்டது. ஆயினும் ஒன்று: ஆயிரம் பிள்ளைகளில் ஒருத்தி தடையைத் தாண்டினாள் என்பதற்காகத் தடை இல்லை என்று யாரும் கணக்கெழுத வேண்டா.

இனி, நம்மை நாமே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்விக்கு வருகிறோம். சிலருக்குக் கசக்கும், பொறுத்தருள்க.

பின்வாசல் வழியாக வெளியேறியோர் மேல்சாதியார் மட்டுந்தானா? நம் ஏட்டைப் பார்த்தோமே! நம்முள்ளும் இரயில்வேயிலும் வங்கியிலும் ஆசிரியப் பணியிலும் இருப்போர் தம் பிள்ளைகளை எங்கே சேர்த்துள்ளனர்? அரசுப் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, தம் மகளைத் தனியார் பள்ளியில் கொண்டுபோய் விடும் நம்மவர் இல்லையா? வீட்டுவேலை செய்து வரும் கூலியில் பாதியைக் கான்வென்ட் கட்டணமாகக் கட்டிவிட்டுத் தாலிக்கொடியை அடகுக் கடையில் வைத்த தாயும் இவ்வவையில் இருக்கிறார். அவரைக் குறைகூற நமக்கு நா எழவில்லை. தான் பட்ட இழிவைத் தன் மகன் படலாகாது என்று துடிக்கும் நெஞ்சை எப்படிக் குறைகூறுவது? 2021-22 இல், கொரோனாவால் வருவாய் இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் தமிழகமெங்கும் இலட்சக்கணக்கில் தனியார் பள்ளிகளைவிட்டு அரசுப் பள்ளிகளுக்கு வந்தனர். கை வறண்டபோது எந்தக் கதவு திறந்திருந்தது என்பதை அவ்வாண்டு காட்டிற்று. கை நனைந்ததும் பலர் மீண்டும் போய்விட்டனர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டு இடத்தை நலிந்தோர்க்கு ஒதுக்கியது. நம் குடும்பங்கள் சில அதனால் பயன்பெற்றன, மறுக்கவில்லை. நம் உறுப்பினர் ஒருவர் அவ்வாறு ஒரு பள்ளியில் மகனைச் சேர்த்தார். பள்ளியின் பெயர் வேண்டா. கல்விக் கட்டணம் இல்லை, ஆனால் புத்தகம், சீருடை, வண்டி, ஆண்டுவிழா என்று அவர் கட்டிய தொகையை நம்மிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அதைவிட நமக்கு உறுத்தியது வேறொன்று. அவ்வொதுக்கீட்டில் போகும் பிள்ளை, அரசுப் பள்ளியின் ஆகஸ்டு முதல் நாள் கணக்கில் ஒன்றைக் குறைத்துவிட்டே போகிறது. நம் கையாலேயே நம் பள்ளியின் எண்ணிக்கையைக் குறைக்க வழி செய்த ஏற்பாடு இது என்பது நம் கருத்து. ஒப்பாதோர் நம்முள் இருக்கின்றனர். அவர்களோடு நாம் இன்னும் வாதிட்டுக்கொண்டே இருக்கிறோம்.

மற்றொரு வாதமும் நம்மிடையே நடக்கிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கப்போவதாக 2023 மார்ச்சு வரவுசெலவு அறிக்கையில் அரசு அறிவித்தது. தனிப் பள்ளி என்னும் கறை நீங்கும் என்றனர் சிலர். நமக்கென்று இருந்த பணியிடமும் விடுதியும் நிலமும் பறிபோகும் என்று எதிர்த்தனர் நம் இயக்கத்தார் பலர். ஊர்ப் பள்ளியே ஊராரால் கைவிடப்பட்டு, நம் பிள்ளைகள் மட்டும் அமரும் இடமாகி வரும்போது, எதை எதோடு இணைத்துக் கறையைப் போக்குவது? லேபர் பள்ளிக்கூடத்தின் பெயர்ப்பலகை போய்விட்டது. பலகை இல்லாமலே அது திரும்பி வருகிறது. அன்றைய பஞ்சமர் பள்ளிக்கு ஓர் ஆணை இருந்தது. ஆணையை எதிர்த்து மனுப் போடலாம். இன்றையதற்கு ஆணை இல்லை. யாரிடம் மனுப் போடுவது?

ஆனால் அரசுப் பள்ளி செத்துவிட்டது என்று நாம் சொல்லவரவில்லை. பல்லாவரத்தில் மறைமலை அடிகள் பெயரால் அமைந்த அரசு மேல்நிலைப் பள்ளியையும் சேலையூர் அரசு மேல்நிலைப் பள்ளியையும் போன்றவை ஏழை வீட்டுப் பிள்ளைகளை இன்றும் கல்லூரி வாயில்வரை கொண்டு சேர்க்கின்றன. 1920 இல் ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கிய நகரம் இது. காலைச் சிற்றுண்டி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அரசுப் பள்ளியில் படித்தோர்க்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020 முதல் உண்டு. மறு ஆண்டில் அது பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய், 2022 முதல். ஆண்பிள்ளைக்கும் 2024 முதல். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையைக் கடன்பட்டுத் தனியார் பள்ளிக்கு மாற்றுமுன் பெற்றோர் இதைக் கணக்கிடுகின்றனரா? ஆறாம் வகுப்பில் எடுக்கும் அந்த ஒரு முடிவால் ஏழாண்டு கழித்து மருத்துவ இடம் கைநழுவிப் போனதை நாம் கண்கூடாகக் கண்டோம்.

ஆகையால் கழகத்தின் செயற்குழு சில வேலைகளை ஏற்றிருக்கிறது. அவற்றுக்கு இளைஞர்களின் கால்களும் கைகளும் வேண்டும்.

முதலாவது, பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி அக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராயிருத்தல் வேண்டும், பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவினர்க்கு அவர்தம் அளவுக்கேற்ற இடம். சட்டம் நம் தாய்மாருக்கு நாற்காலி போட்டுவைத்திருக்கிறது. நாமோ கூட்டத்துக்குப் போவதில்லை. போனாலும் கையெழுத்திட்டுத் திரும்புகிறோம். கூரை ஒழுகினால் கேள்வி கேட்க மிராசுதாரர் இப்போது அங்கில்லை. நாம்தான் கேட்கவேண்டும். சென்ற ஆண்டு நம் உறுப்பினர் ஒருவர், கூலிவேலை செய்யும் தாய், கழிவறைக்குத் தண்ணீர் வராததைக் குழுவில் மூன்று கூட்டம் விடாமல் எழுப்பினார். நான்காவது கூட்டத்துக்கு முன் குழாய் வந்தது. அவர் எழுத அறியாதவர். தீர்மானத்தை எழுதிக்கொடுத்தது நம் மாலை வகுப்பில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அவர் மகள்.

பெயர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கான வேலை இதினும் அவசரமானது. எட்டாம் வகுப்புவரை, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாயிற்று என்பதைக் காட்டிச் சேர்க்கை மறுக்கக் கூடாது; ஆண்டின் நடுவில் வந்தான் என்பதற்காகவும் மறுக்கக் கூடாது; பிறப்புச் சான்று இல்லை என்றும் மறுக்கக் கூடாது. மூன்றும் கல்வி உரிமைச் சட்டத்தில் எழுதப்பட்டவை. ஆனால் கையில் சாமான் மூட்டையோடு வந்திறங்கும் தாய்க்கு இதை யார் சொல்வது? மேலும், பழைய பள்ளி எமிஸ் இணையத்தில் பெயரை விடுவிக்காவிட்டால் புதிய பள்ளியில் பெயர் ஏறாது. பெயர் ஏறாத பிள்ளை ஆகஸ்டு முதல் நாள் கணக்கிலும் ஏறாது. பள்ளிக்கு நாள்தோறும் வந்து அமரும் பிள்ளை, ஆசிரியர் எண்ணிக்கைக்கு இல்லாத பிள்ளையாகிறது. வட மாநிலக் கட்டடத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கும் இதே நிலை. மொழி வேறு என்பதால் அவர்கள் வாய்திறந்து கேட்கவும் முடிவதில்லை. அப்பிள்ளைகள் நம் சாதியா என்று நம் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியை நம்மிடம் எத்தனை பேர் எத்தனை காலம் கேட்டனர் என்று திருப்பிக் கேட்டோம். அவரும் சிரித்துவிட்டு அப்பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார்.

ஜூன் முதல் நாள் தொடங்கி ஜூலை இறுதிவரை ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணிக்கு நம் இளைஞர்கள் இருவர் இருவராகப் பிரிந்து, பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களிலும் கட்டட வேலை நடக்கும் கொட்டகைகளிலும் வீடுவீடாகச் சென்று, பள்ளி வயதுப் பிள்ளைகளின் பெயரை எழுதுவர். எழுதிய பட்டியலைத் தலைமையாசிரியரின் பதிவேட்டோடு ஒப்பிட்டு, விடுபட்ட பெயர்களை ஆகஸ்டுக்கு முன் ஏற்றச் செய்யவேண்டும். அதற்கான குறிப்பேடுகள் அச்சாகி வந்துவிட்டன. நூலக அறையின் மேசைமேல் அடுக்கி வைத்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுப்போர் அங்கே வரலாம். பழைய வருகைப் பதிவேடும் அதே மேசையில்தான் இருக்கிறது. 'மேற்படி' என்று எழுதியவர் யாரென்று அறிய விரும்புவோர் அவரிடமே கேட்கலாம், முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.